அத்தானின் முழங்கால் உயரக் காடு

நவம்பர் 14

இந்தப் பக்கங்களில் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. ஆகவே, அத்தனையும் சத்தியம் என்று பேனாமேல் ஆணையிட்டுத் தொடங்குகிறேன்.

கப்பல் எஞ்சின் பார்க்கும் அத்தான் இன்று வேலைக்குக் கிளம்பிவிட்டார். இனி இந்தப் பனி நாட்டில் குளிர் முடிந்துதான் வருவார். மனைவி, மச்சினன் என்று வீட்டில் இரண்டு ஜீவன்கள் இருக்க, மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியது அந்தப் போன்சாய்க் குட்டை மரங்களுக்காக. மரமாம் மரம்! காக்கை வந்து உட்கார்ந்தால் காக்கைதான் பெரிதாகத் தெரியும். தொட்டிகளைக் கொல்லைச் சுவரோரம் மண்ணில் புதைத்து, மரத்தூள் போர்த்தி, காற்றுக்குத் தட்டி கட்டி... எந்த ராஜாவுக்கும் இப்படிப் படுக்கை போட்டிருக்க மாட்டார்கள்.

"வெளியிலேயே இருக்கட்டும் மாப்ளே. குளிர்ல அது தூங்கணும். வேர் மட்டும் மூடியே இருக்கணும்."

"தாலாட்டு நான் பாடணுமா, நீங்களே பாடி வெச்சிருக்கீங்களா?"

அத்தான் சிரிக்கவில்லை. "அந்த மேப்பிள் மரம் நான் விதை போட்டு வளர்த்தது. அது போச்சுன்னா இன்னொண்ணு வளக்க எனக்கு வயசு இல்ல."

நவம்பர் 30

முதல் பனி. கூரைக்கு மேல் பத்தடி. நான் விட்ட கொட்டாவி அப்படியே உறைந்து காலில் விழுந்து, சுண்டுவிரல் வீங்கிவிட்டது.

மேப்பிளில் ஓர் இலைகூட இல்லை.

"செத்துப்போச்சுடா," என்றாள் அக்கா.

"தூங்குதுக்கா."

"தூங்கினா யாருக்காவது இப்படிக் கொட்டுமா?"

என் முன்வழுக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

டிசம்பர் 21

அக்கா ஜன்னலில் நின்று அந்தக் குச்சியைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறாள். எனக்கு நிமோனியா வந்தபோது இதில் பாதிகூடக் கொட்டவில்லை.

பிப்ரவரி 6

என் பிழைப்பான லிஃப்ட் ரிப்பேருக்கு வெளியூர் போய், மூன்று வாரம் கழித்து இன்று வந்தால் — கூடத்தில், ஹீட்டருக்குப் பக்கத்தில், மேப்பிள்! கிளையெல்லாம் துளிர்!

"பார்றா! உள்ள கொண்டுவந்து வெச்சேன், உயிர் வந்திருச்சு. நீங்க ரெண்டு பேரும் பனியில போட்டுக் கொல்லப் பாத்தீங்களே!"

மாடிக்கு ஓடி அத்தானுக்குப் போன் போட்டேன்.

"இனி வெளிய வெச்சா துளிரெல்லாம் கருகிடும். அந்தச் சூட்டுலயே விட்டா இருக்கிற தெம்பெல்லாம் செலவழிச்சுட்டு செத்துடும். உறையாத குளிர், நல்ல வெளிச்சம் — அப்படி ஒரு ரூம் இருந்தா பொழைக்கும்." அப்புறம் மெதுவாக, "அவகிட்ட சொல்லிடாத மாப்ளே. ஆசையா செஞ்சிருக்கா, தாங்க மாட்டா."

பெண்டாட்டிக்கும் நோகக் கூடாது, மரத்துக்கும் நோகக் கூடாது. நடுவில் ஒருத்தன் விறைக்கலாம்! பெரிய ஜன்னல் உள்ள அறை இந்த வீட்டில் ஒன்றுதான் உண்டு. என்னுடையது.

பிப்ரவரி 7

அக்காவிடம் சொன்னது: புலிக்குட்டி அளவுக்கு ஒரு பூனை கூடத்துக்குள் புகுந்து மரத்தை முறைத்தது, என் கண்ணால் கண்டேன். ஆகவே மரம் என் அறைக்கு.

"உன் ரூம் ஏன்டா ஐஸ் பெட்டி மாதிரி இருக்கு?"

"ஹீட்டர் கெட்டுப்போச்சு."

நானே அணைத்து வைத்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

பிப்ரவரி 25

ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், அதற்குமேல் அத்தானின் கப்பல் கோட்டு. பக்கத்தில் மேப்பிள் துரை பச்சைப்பசேலென்று நிற்கிறார். ஒரு குச்சிக்குக் காவல்காரன் நான். தூ!

காலையில் நுனி இலை இரண்டு சுருண்டிருந்தது. என்னடா ஆச்சு உனக்கு? நான் என்ன செஞ்சேன்? பகல் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

தண்ணீர் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். திமிர்.

ஏப்ரல் 11

அத்தான் வந்துவிட்டார். மேப்பிள் வெளியே போயிற்று. மனிதர் ஒவ்வோர் இலையாகப் புரட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளில் வைத்த கையை மட்டும் எடுக்கவே இல்லை.

"எல்லாம் என் கைராசி," என்றாள் அக்கா. "அடுத்த குளிருக்கு எல்லா மரத்தையும் கூடத்துக்கே கொண்டுவந்துடறேன்."

அத்தான் முகம் வெளுத்தது. "வேணாம் வேணாம்... உனக்கெதுக்கு சிரமம்? எல்லாம் மாப்ள ரூம்லயே இருக்கட்டும்."

துரோகி!

"அப்ப முதல்ல அவன் ஹீட்டரைச் சரி பண்ணணும்," என்று அக்கா அப்போதே ரிப்பேர்காரரைக் கூப்பிட்டுவிட்டாள். குட்டு உடையப்போகிறது என்று எனக்கு வியர்த்துக் கொட்டியது. அவர் திருகினார், தட்டினார், உள்ளே எட்டிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"இது தேறாது சார். புதுசுதான் வாங்கணும்."

பத்தடிப் பனி, கொட்டாவி, பூனை — எல்லாம் கப்ஸா. ஆனால் ஹீட்டர் நிஜமாகவே கெட்டுப்போயிருந்தது.