திருப்பாத நிலா

மார்ச் 4

இன்று மூன்று காட்சிகள். தொண்டை கட்டிவிட்டது. கடைசிக் காட்சிக்கு வந்த பிள்ளைகள் நல்ல வாலுகள். விளக்கை அணைத்ததும் பேய் மாதிரி ஊளையிட்டார்கள்.

வழக்கம்போல் தெற்கு வானத்தோடு முடித்தேன். எங்கள் கோளரங்கத்துக் கருவியில் ஒரு குமிழ் உண்டு. அதைத் திருப்பினால் துருவ நட்சத்திரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, வாசல் கதவுக்குப் பின்னால் மறைந்துவிடும். நாம் பூமியின் தெற்குப் பாதிக்குப் பயணம் போகிறோம் என்று அர்த்தம். பிறகு எல்லோரையும் எழுந்து, குனிந்து, கால்களுக்கு நடுவே நிலாவைப் பார்க்கச் சொல்வேன். தெற்கே இருப்பவர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள். நிலா ஒன்றுதான், பிறையும் ஒன்றுதான். ஆனால் அவர்கள் தலை நமக்கு எதிர்த்திசையில் இருப்பதால் படம் தலைகீழ். வளர்பிறையில் நமக்கு வலப்பக்கம் வெளிச்சம் என்றால் அவர்களுக்கு இடப்பக்கம். பிள்ளைகள் குனிந்து, முட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே விழுவார்கள். கூட வரும் ஆசிரியை மட்டும் குனியமாட்டார். எந்தப் பள்ளி ஆசிரியையும் இதுவரை குனிந்ததில்லை.

அந்த வானத்தை நான் குமிழைத் திருப்பித்தான் பார்த்திருக்கிறேன். நிஜமாகப் பார்த்திருக்க வேண்டியது. சரி, விடு.

மார்ச் 9

ஞாயிற்றுக்கிழமை. தெற்கு நாட்டிலிருந்து அண்ணன் ஃபோன் செய்தான். அங்கே வெயில் குறைந்து இலையெல்லாம் உதிர ஆரம்பித்துவிட்டதாம். அண்ணிக்கு ஊர் பிடித்திருக்கிறதாம். எனக்கு வயிறு எரிந்தது. எரியக் கூடாதா என்ன?

ஜனவரியில் அங்கிருக்கும் கோளரங்கம் என்னை ஒரு வருஷ வேலைக்குக் கூப்பிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவிடம்தான் முதலில் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டிருந்த நேரம். ஒரு வருஷம் அண்ணன் வீட்டில் இருக்கட்டும் என்று மனசுக்குள் திட்டம் போட்டிருந்தேன். அடுத்த வாரமே அண்ணன் வந்து நின்றான். அவன் குளிர்சாதனக் கம்பெனி அவனையும் அதே தெற்கு நாட்டுக்கு அனுப்புகிறதாம். "நான் மாட்டேன்னா வேலை போயிடும், டார்ச்" என்றான். அரங்கத்தில் டார்ச் அடித்து நட்சத்திரம் காட்டுவதால் வீட்டில் எனக்கு அந்தப் பெயர். அவனுக்கு வேலை போகும், எனக்கு ஆசைதானே போகும்? நானே தராசு பிடித்து, நானே தீர்ப்புச் சொல்லி, வரமுடியாது என்று எழுதிப்போட்டேன். என்கூட வேலை பார்க்கும் தொப்பிக்காரருக்கு அந்த இடம் கிடைத்தது. குளித்தாலும் தொப்பியைக் கழற்றமாட்டார் என்று நாங்கள் கிண்டல் செய்யும் ஆள். அந்த நிலாவை இப்போது அவர் பார்க்கிறார்.

அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். பாதி நிலா வரும்போது சாயங்காலம் ஒரு படம் எடுத்து அனுப்பு என்று. குனியாமல் பார்க்க ஆசை.

ஏப்ரல் 6

மேகமாம். படம் இல்லை.

ஏப்ரல் 20

அப்பாவுக்குக் காலில் வீக்கம். ஒத்தடம் கொடுத்தேன். "மேலே இன்னிக்கு என்ன படம் ஓடுது?" என்று வழக்கமான கேள்வி. தினமும் இருட்டியதும் இதைக் கேட்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த காலத்திலும் ஞாயிறு தவறாமல் என் காட்சிக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருவார். என் பேச்சு முழுக்க அவருக்கு மனப்பாடம்.

வேட்டைக்காரன் கிளம்பப்போகிறான் என்று சொன்னேன். இடுப்பில் மூன்று நட்சத்திரம் வரிசையாகக் கட்டியிருக்கும் நட்சத்திரக் கூட்டம். பூமி சூரியனைச் சுற்றி நகர நகர அவன் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் முன்னதாக மேற்கே இறங்குகிறான். இன்னும் சில வாரத்தில் சூரிய வெளிச்சத்துக்குள் போய்விடுவான். "போறவன் போகட்டும், நீ இருக்கியே" என்றார் அப்பா. சிரித்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

மே 4

படம் வந்துவிட்டது! இரவுச் சமையலை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். பாதி நிலா. கீழே மொட்டைமாடிச் சுவர், ஒரு தண்ணீர்த் தொட்டி, தொட்டியில் பெரிதாக 4 என்று எழுதியிருக்கிறது.

வலப்பக்கம் வெளிச்சம்.

மே 5

கோளரங்கத்துக்கு விடுமுறை. நாள் முழுக்க அந்தப் படம்தான். ஃபோன் திருப்பிவிட்டிருக்குமோ? திருப்பியிருந்தால் தொட்டி அந்தரத்தில் தொங்கும். கண்ணாடி மாதிரி மாற்றிக் காட்டியிருக்குமோ? அப்படியென்றால் 4 நேராக இருக்காது. சாயங்காலம் எங்கள் வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தேன். நேற்றைய படத்தின் தொடர்ச்சி மாதிரி, அதே சாய்வில், கொஞ்சம் கூடுதலாகப் பருத்து நின்றது.

போன வருஷப் படமாக இருக்கலாம். யாரோ அனுப்பியதை அனுப்பியிருக்கலாம். சோம்பேறி, அப்படிச் செய்யக்கூடியவன்தான். ஆமாம், அதுதான்.

மே 8

நானே ஃபோன் செய்தேன். பேச்சோடு பேச்சாக, அங்கே மத்தியான வெயில் வீட்டுக்குள் எந்தப் பக்கத்து ஜன்னலில் விழுகிறது என்று கேட்டேன். துணி காயப்போட வசதியா என்று கேட்பதுபோல. "தெற்கு ஜன்னல்லதான். நம்ம வீட்டுல மார்கழியில வர்ற மாதிரியே, நல்லா வருது" என்றான். குரலில் ஒரு தடுமாற்றம்கூட இல்லை.

அங்கே இருப்பவனுக்கு மத்தியானச் சூரியன் வடக்கே இருக்க வேண்டும். தெற்கு ஜன்னலில் இந்த மாதத்தில் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது.

அங்கே குளிர்காலம் வருகிறது என்று ஞாபகம் வைத்து இருமிக்கூடக் காட்டினான். இலையை உதிர்த்தான். சூரியனையும் நிலாவையும் திருப்பிவைக்க மட்டும் மறந்துவிட்டான். அவன் கிளம்புவதற்கு முன்னால் எலுமிச்சம்பழத்தை விளக்குக்குப் பக்கத்தில் பிடித்து இதையெல்லாம் நான் விளக்கியபோது ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தான்.

ஏண்டா? எங்கேடா இருக்கே?

மே 9

இரண்டாவது காட்சியில் சூரியன் மேற்கே உதிக்கிறது என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் ஒருவரும் கவனிக்கவில்லை. ஆசிரியை கவனித்தார்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? மகன் பொய் சொல்லிவிட்டு எங்கேயோ ஒளிந்திருக்கிறான் என்று தெரிந்தால் உடைந்துபோவார். இப்போதுதான் வாக்கர் இல்லாமல் நாலு எட்டு வைக்கிறார்.

மே 11

இப்போதே எழுதிவிடுகிறேன்.

அப்பா மத்தியானத் தூக்கம் எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகம் கழுவக்கூட இல்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், அண்ணன் படம் அனுப்பியிருக்கிறான் என்று மட்டும் சொல்லி ஃபோனை நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். உச்சுக்கொட்டினார்.

"இந்த மடையன் திருப்பாம அனுப்பிட்டானே" என்றார்.

சொன்ன பிறகுதான் நான் எதிரே நிற்பது அவருக்கு உறைத்தது. ஃபோனை மெத்தைமேல் வைத்தார். குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

தெரிந்திருக்கிறது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்து என் பேச்சை வருஷக்கணக்காகக் கேட்டவர் அல்லவா, நிலா எந்தப் பக்கம் ஒளிர வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா?

அவரே சொன்னார். அண்ணன் எங்கேயும் போகவில்லை. இரண்டு மணி நேர பஸ் தூரத்தில், அதே பழைய வீட்டில் இருக்கிறான். அப்படிச் சொல்லச் சொன்னது அப்பாதான்.

"நீ போயிடுவியோன்னு பயமா இருந்துச்சும்மா" என்றார்.

மே 12

இன்று பௌர்ணமி. பார்க்கவில்லை.

யார்கிட்ட முதல்ல ஓடினேன்? செருப்போட ஓடினேனே. என் தலையைத் தடவிக் கொடுத்து, "போயிட்டு வாம்மா" ன்னு சொன்ன அதே கையாலதானே அவனுக்கு ஃபோன் போட்டிருப்பார்? நான் வேலைக்குப் போன நேரமா? இல்லை, பக்கத்து அறையில இருக்கும்போதேவா? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டு, "அங்க குளிர் எப்படிடா இருக்கு?" ன்னு கேட்டாரே. என் முன்னாடியே! அவனும் இருமினானே! நான் கஷாயம் வைக்கச் சொல்லி அண்ணிக்குப் பக்குவம் சொன்னேனே. பைத்தியக்காரி.

போகாதே, எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பேன். சத்தியமா இருந்திருப்பேன். அதைக்கூட என்கிட்ட கேட்கலை.

மே 18

அண்ணன் வீட்டுக்குப் போனேன். எதிர்வீட்டு மாடியில் 4 என்று எழுதிய தொட்டி. எத்தனையோ தடவை பார்த்த தொட்டிதான். படத்தில் அதைப் பார்த்தும் எனக்குத் தோன்றவில்லையே. சந்தேகப்படப் பழகாதவளுக்குக் கண் இருந்து என்ன?

அண்ணி கதவைத் திறந்தாள், முகம் வெளுத்தாள், உள்ளே போய்விட்டாள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். அப்பா அழுதாராம். அவனோடு வந்து இருக்கச் சொல்லி அவனும் கேட்டானாம், மாட்டேன் என்றுவிட்டாராம். என்னோடு இருந்தால்தான் வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கிறதாம். சொல்லிவிட்டு, "எனக்கும் அது சௌகரியமாப் போச்சு" என்றான். அந்த ஒரு வார்த்தையாவது நிஜம். அதற்காக அவனை அறையாமல் வந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம். மரங்கள் பின்னால் ஓடுவதாகத் தெரிவதும், வானம் நம்மைச் சுற்றுவதாகத் தெரிவதும் ஒன்றுதான் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். உண்மையில் நகர்வது நாம்தான், நமக்குத்தான் தெரிவதில்லை. ஐந்து மாதமாக என்னை இவர்கள் எங்கே நகர்த்தினார்கள் என்று எனக்கும் தெரியவில்லை.

ஜூன் 3

மறுபடி பாதி நிலா. சாப்பாடு வைத்தேன், மாத்திரை கொடுத்தேன், காலுக்கு எண்ணெய் தடவினேன். பேசவில்லை. "மேலே என்ன படம் ஓடுது?" என்று மெதுவாகக் கேட்டார். ஜன்னல் திறந்துதான் இருக்கிறது என்றேன்.

தட்டில் பாதிச் சோறு மிச்சம்.

ஜூன் 4

அவரைத் தண்டிப்பதற்காகப் பேசாமல் இல்லை. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று எனக்கே பயம்.

ஜூலை 13

தெற்குக் கோளரங்கத்துக்கு எழுதியிருந்தேன். இன்று பதில். அந்த ஒரு வருஷ வேலை தொப்பிக்காரருடையதுதான். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை பள்ளிப் பிள்ளைகளின் காட்சிக்கு மட்டும் ஆள் தேவையாம். பெரியவர்கள் காட்சி கிடையாது. கருவி பக்கமே போக முடியாது, டார்ச் மட்டும்தான்.

வருகிறேன் என்று எழுதினேன். அனுப்பிய பிறகுதான் அப்பாவிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 3

அண்ணன் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். இருப்பது ஒரு நல்ல கால்தான், அதில்தான் நின்றார். நான் மசியவில்லை. "நீங்க சொன்னா அவன் தெற்கேகூடப் போவான், உங்களைப் பார்த்துக்கமாட்டானா?" என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன். அவருக்கும் குத்தியது.

செப்டம்பர் 27

காலையில் அண்ணன் வேன் கொண்டுவந்தான். அப்பாவின் கட்டில், வாக்கர், மாத்திரைப் பெட்டி எல்லாம் ஏறியாயிற்று. அண்ணி நேற்றே வந்து எந்த மாத்திரை எப்போது என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள். நன்றாகத்தான் கேட்டாள்.

அப்பா வாசலில் நின்று என்னைப் பார்த்தார். "தப்புதான். ஆனா மறுபடியும் அந்த நாள் வந்தா மறுபடியும் பயப்படுவேன். பொய் சொல்லி என்ன, அதான் நிஜம்" என்றார்.

என்ன மனிதர் இவர்? மன்னிப்புக் கேட்டிருந்தால் கோபப்படச் சுலபமாக இருந்திருக்கும். வேன் திரும்பும் வரை நின்றேன். கையசைக்கவில்லை. அவர் அசைத்தார்.

அக்டோபர் 29

தெற்கே வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்று மேகம். நிஜமான மேகம்.

நவம்பர் 28

மேகமே இல்லை. வேலை முடிந்து வெளியே வந்து வடக்கே திரும்பி நின்றேன். பாதி நிலா. வளர்பிறைதான், ஆனால் இடப்பக்கம் வெளிச்சம். குனியவில்லை. நிமிர்ந்து நின்றே பார்த்தேன். இருட்டிய பிறகு கிழக்கே வேட்டைக்காரன் தலைகீழாக ஏறி வந்தான். ஊரில் மேற்கே இறங்கிக் காணாமல் போனவன், இங்கே குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு வருகிறான். தனியாக நின்று சத்தம்போட்டுச் சிரித்தேன். பிறகு அழுகை வந்தது.

கூரை ஓரமும் தெரியும்படி நிலாவைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை.

கொஞ்ச நேரத்தில் அண்ணி ஃபோன் செய்தாள். படம் தலைகீழாக இருக்கிறது என்று அண்ணன் ஃபோனைத் திருப்பிப் பிடித்திருக்கிறான். அப்பா அவன் கையைத் தட்டிவிட்டாராம். "திருப்பாதடா. அவ பார்க்கிற மாதிரியே நானும் பார்க்கிறேன்" என்றாராம். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டே முழுக்கச் சாப்பிட்டாராம்.

அப்பாவிடம் ஃபோனைக் கொடுத்தாள். ஜனவரியில் வந்துவிடுவாயா என்று அவர் கேட்கவில்லை. "மேலே இன்னிக்கு என்ன படம் ஓடுது?" என்றார். வேட்டைக்காரன் வந்திருக்கிறான் என்று சொன்னேன். எல்லாம் சொன்னேன், ரொம்ப நாளைக்குப் பிறகு. குமிழைத் திருப்பும்போது தெரியாத சின்னச் சின்ன நட்சத்திரங்களையெல்லாம் சொன்னேன். ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஜனவரியோடு போக வேண்டாம், அடுத்த வருஷமும் இரு என்று இங்கே கேட்டிருக்கிறார்கள். அதையும் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. காலையிலேயே சரி என்று கையெழுத்துப் போட்டாகிவிட்டது.