எல்லை தாண்டிய இருமல்

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்தே தொண்டையில் ஏதோ அரிக்கிறது. இரண்டு தடவை இஞ்சி டீ குடித்தாயிற்று. இருமல் இருந்தால் கொரில்லாக்களிடம் போகக் கூடாது. பன்னிரண்டு வருஷமாகத் தடம் பார்க்கிறவளுக்குத் தெரியாதா? ஆனால் கொரில்லா பார்க்க வந்த எட்டு விருந்தாளிகள் பூங்கா வாசலில் நிற்கிறார்கள், என்னை விட்டால் இன்று ஆளில்லை. போனேன்.

அங்கே போனதும் இருமல் வந்தது. அதை அப்படியே "ம்ம்... ம்ஹ்ம்" என்று செருமலாக மாற்றிவிட்டேன். கொரில்லாக்களுக்கு நாங்கள் வணக்கம் சொல்வது அப்படித்தான். எங்கள் தலைவர் செருகெண்டோ, "இன்னைக்கு என்ன, குசல விசாரிப்பு பலமா இருக்கு?" என்று கிண்டல் செய்தார். எல்லாரும் சிரித்தார்கள். தாய்க் கொரில்லா இபுயே மடியில் குட்டியோடு உட்கார்ந்து எனக்குப் பதில் செருமினாள். முகமூடி நனைந்து மூச்சு முட்டியது. ஒரு நிமிஷம் இறக்கினேன். ஒரு நிமிஷம்தான்.

ஜூன் 11
கொரில்லாக் குடும்பத்தைக் காணவில்லை. மூங்கில் தளிரைத் தேடி மலைக்கு அந்தப் பக்கம், ருவாண்டாவில் இறங்கிவிட்டார்கள். அங்கே விருந்தாளிகள் பார்க்கவே பத்துக் குடும்பங்களுக்கு மேல் உண்டு. உகாண்டாப் பக்கம், எங்கள் கிசோரோப் பூங்காவில் இது ஒன்றுதான். இவர்கள் திரும்பாவிட்டால் எங்கள் எண்ணிக்கை பூஜ்யம்.

இருமல் விடவில்லை.

ஜூன் 14
கயிதாரே அண்ணன் போன் செய்தார். சித்தப்பா மகன், அந்தப் பக்கத்தில் தடம் பார்க்கிறவர்.

"தங்கச்சி, உங்க ஆளுங்க எங்க மூங்கில்ல ருசி கண்டுட்டாங்க. இனி உகாண்டாப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டாங்க பாரு."

அப்புறம் குரல் இறங்கியது. "இபுயேவுக்கு மூக்கு ஒழுகுது. குட்டி இருமுது."

குட்டி இருமுது.

ஜூன் 15
அந்தப் பக்கத்துக் கொரில்லா மருத்துவர் விசாரிக்கச் சொன்னாராம்: உங்களில் யாருக்காவது சளி இருந்ததா? செருகெண்டோ ஒவ்வொருவராகக் கேட்டார். "இல்ல சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? காட்டிலேயே வந்த நோய் என்றால் அவர்கள் தொட மாட்டார்கள், தானாகத் தேறட்டும் என்று விட்டுவிடுவார்கள். மனிதர் கொடுத்த நோய் என்று தெரிந்தால்தான் துப்பாக்கியால் மருந்து ஊசி எய்வார்கள். இது தெரிந்தே பொய் சொன்னேன். வேலை போயிடுமேன்னு பயம். வேற என்ன?

ஜூன் 16
அவித்த உருளைக்கிழங்கை அப்படியே மூடி வைத்துவிட்டேன். போன் அடித்தால் கயிதாரே அண்ணனோ என்று ஓடிப்போய் எடுக்கிறேன்.

ஜூன் 17
விடிந்ததும் செருகெண்டோ வீட்டுக்குப் போனேன். பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் குசலம் விசாரிக்கல சார். இருமினேன்."

வாயைக் கொப்பளித்தார். என்னை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. "மடச்சி. இதை முந்தாநாளே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

துண்டு தோளில் இருக்க, அங்கேயே நின்று மருத்துவரிடம் போனில் பேசினார். இனி நான் காட்டுக்குள் வர வேண்டாம் என்றார்.

ஜூன் 18
இபுயேவுக்கு ஊசி எய்துவிட்டார்கள். குட்டிக்கு எய்ய முடியாதாம், ரொம்பச் சின்னது. பால் வழியாக மருந்து கொஞ்சமாவது போகுமா? போக வேண்டும்.

ஜூன் 20
இபுயே மறுபடி தின்ன ஆரம்பித்துவிட்டாள். குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டே திரிகிறாளாம். அது நேற்றே செத்துவிட்டது.

ஜூன் 30
குடும்பம் திரும்பவில்லை. நான் இப்போது வாசலில் உட்கார்ந்து விருந்தாளிகளின் காய்ச்சலைப் பார்க்கிறேன்.

மதியம் கயிதாரே அண்ணன் பேசினார். இரண்டு நாட்டுக் கொரில்லாப் பட்டியல்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்களாம். "குட்டி பொறந்தது உங்க பக்கம், செத்தது எங்க பக்கம். சாவைச் செத்த இடத்துலதான் எழுதுறது வழக்கம். எங்க கணக்குலயே போட்டுக்கிறேன் தங்கச்சி, நீ மனசைப் போட்டு அலட்டிக்காத."

"வேணாம்ணே," என்றேன். "எங்க பக்கத்துல எழுதுங்க."