நீ சொன்ன மூச்சும் கொம்மாவின் பல்லும்

உரும்பிராய்,
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஆரணிக்கு,

நல்லூரான் காவலில் நானும் உன்னைப் பெற்ற கொம்மாவும் உண்டு உடுத்து, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு சுகமாய் இருக்கிறோம். சுவிசில் நீயும் மருமகன் பார்த்தீபனும் பேரன் நிருஷனும் அதே மாதிரிச் சுகத்தோடு இருந்தால் எங்களுக்கு வேறு என்ன வேண்டும். போன் இருக்கும்போது இந்த மனிசன் ஏன் கடிதம் போடுகிறார் என்று யோசிப்பாய். போனில் நீ முதல் கேட்பது பிறசர் எவ்வளவு என்று. நான் வாய் திறக்க முதல் பேரன் போனைப் பறித்துத் தன்னுடைய மூக்கை மட்டும் காட்டுவான். பிறகு வேலைக்கு நேரமாச்சு என்று நீ வைத்துவிடுவாய். சொல்ல வந்த கதை என் தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் கொம்மாவைப் பிடித்து இருத்தி இதை எழுதுவிக்கிறேன். எனக்கு எழுத்து வராது என்பது நீ அறிந்தது. நான் கதைக்கிறதை அவ தன் படிப்புக்கு ஏற்றபடி திருத்தித்தான் எழுதுகிறா, ஆனால் ஆட்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்று கண்டிப்பாய்ச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே வெயில் குறையவில்லை. கிணற்றுத் தண்ணீர் இறங்கிவிட்டது, என்றாலும் மிளகாய்க் கன்றுகளுக்குக் காணும். சிவலைப் பசு நாகு கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளை. அதன் நெற்றியைக் கொம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும், ஏனென்றால் என் கண் இப்போது ஆவி படிந்த கண்ணாடி மாதிரி. வலது கண் இளமையிலேயே முள்ளுக் குத்திப் போனது. மிச்சம் இருக்கிற இடது கண்ணில்தான் இந்த வெண்புரை. கிணற்றடியில் ஒரு நாள் கால் தப்பி வைத்துவிட்டேன், அன்றிலிருந்து தோட்டத்துக்குத் தனியாகப் போகக்கூடாது என்று கொம்மாவின் சட்டம். நான் மண்வெட்டியோடு முன்னால் போக அவ பின்னால் காவல் வருவா. மாட்டைச் சாய்த்து ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது என்று ஊர் சிரிக்கிறது. ஒப்பரேசன் செய்தால் இந்தக் காவல் தேவையில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும்தானே. தாதி மிஸ்ஸி பிறசர் பார்க்கிற அந்தத் துணியைக் கையில் சுற்றிப் புசுபுசு என்று காற்று அடிக்கத் தொடங்கியதும் என் நெஞ்சு துள்ளத் தொடங்கிவிடும். இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை டொக்டர், "ஐயா, கண்ணை வெட்ட நான் தயார், உங்கடை பிறசர்தான் தயாரில்லை. அடுத்த முறையும் உப்பிடியெண்டால் உங்கடை இடத்தை வேறை ஆளுக்குக் குடுக்க வேண்டி வரும்" என்று சிரித்தபடிதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ பிறசர்க் குளிசையை ஒழுங்காய்ப் போடச் சொன்னாய், போடுகிறேன். அதோடு மனத்தை இருக்கிற இடத்தில் இருக்கப் பழக்க வேண்டும் என்று சொல்லி, கண்ணை மூடி மூச்சு போய்வருவதை மட்டும் பார்க்கச் சொன்னாய், சாப்பிடும்போது ரீவியை நிற்பாட்டிவிட்டுச் சோற்றை மட்டும் சாப்பிடச் சொன்னாய், நடக்கும்போது காலடியை உணர்ந்து நடக்கச் சொன்னாய். உன் வேலையிடத்தில் பழக்குகிறார்கள், நித்திரை நல்லாய் வருகிறது என்றாய். பிள்ளை சொன்னதைச் செய்யாமல் விட்டேன் என்று இருக்கக்கூடாது என்று எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். நடைக்கதை சுருக்கமானது. காலடியை உணர்ந்து உணர்ந்து வைரவர் கோயிலடி வரைக்கும் நடந்தேன். திரும்பி வருவதற்குள் எனக்குப் பாரிசவாதம் வந்துவிட்டது என்று செய்தி வீட்டுக்குப் போய், கொம்மா தலைமயிரும் முடியாமல் ஒழுங்கை வழியே ஓடி வந்தா.

மூச்சுக்கதைதான் பெரியது. வீட்டில் இருந்து பார்த்தால் கோழி கத்துகிறது, சந்தை வான் கோர்ன் அடிக்கிறது. தோட்டத்தில் அமைதி என்று அங்கே பழகினேன். அன்றைக்கு இறைப்பு. மெசின் ஓடிக்கொண்டிருந்தது, நான் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றேன். உனக்கு மறந்திருந்தால் சொல்லுகிறேன், ஒரு பாத்தி நிரம்பியதும் அதன் வாயை மண்ணால் அடைத்து அடுத்த பாத்தியின் வாயைத் திறந்துவிட வேண்டும், அதுதான் தண்ணீர் மாறுகிற வேலை. கொம்மா உலையைப் பார்க்க வீட்டுக்குப் போய்விட்டா. ஒரு பாத்தி நிரம்புகிற நேரம் சும்மாதானே நிற்கிறேன், அதற்குள் கொஞ்சம் மூச்சைப் பார்ப்போம் என்று வரம்பில் குந்திக் கண்ணை மூடினேன். மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. மறுபடி போனது. அதோடு பண்டத்தரிப்பில் எங்கள் மச்சாள் ஒருத்தியின் கலியாண வீடு வந்துவிட்டது. பந்தியில் எனக்கு இடப்பக்கம் இருந்தவனுக்கும் வலப்பக்கம் இருந்தவனுக்கும் பாயசம் ஊற்றிவிட்டு என்னைக் கடந்து போனான் ஒருவன். நீலச் சேட்டு, மேல் பொத்தான் இல்லை. அது நடக்கும்போது எனக்கு மீசை முளைக்கவில்லை. அவனுக்கு அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை நான் இப்போது மனத்துக்குள் விளக்கமாய்ச் சொல்லிக்கொண்டிருக்க, தண்ணீர் பாத்தியை நிறைத்து, வரம்பை உடைத்து, பக்கத்து அருளம்பலத்தின் காணிக்குப் போய்விட்டது. அவன் அன்று காலைதான் வெங்காயம் கிண்டி வெயிலுக்குப் பரப்பியிருந்தான்.

அவன் வந்து என் முன்னால் நின்று சத்தம் போடவில்லை, அதுதான் இன்னும் மோசம். "என்ன கதிரவேலண்ணை, தவமோ. தவத்துக்குச் சிவன் வரேல்லைப் போல, உங்கடை தண்ணிதான் என்ரை காணிக்கு வந்திருக்கு" என்றான். நான் மகள் சொன்ன மூச்சுப் பயிற்சி என்று சொன்னேன். "பிள்ளை மூச்சைப் பாக்கச் சொன்னதோ, என்ரை மூச்சை நிப்பாட்டச் சொன்னதோ" என்று கேட்டான். பிறகு நானும் கொம்மாவும் அவனும் அவன் மனிசியுமாய் வெங்காயம் எல்லாவற்றையும் கடகத்தில் அள்ளி எங்கள் முற்றத்தில் சாக்கு விரித்துக் காயப்போட்டோம். பெரிய பழுது இல்லை. அவன் மனம் நல்லது. ஆனால் என்னைக் காணும்போதெல்லாம் சாமியார் என்றுதான் கூப்பிடுகிறான், இனி அது என்னை எரிக்கிற நாள்வரைக்கும் போகாது.

இதை யோசித்துப் பார்த்தேன் பிள்ளை. எழுத்துத் தெரிந்தவர்கள் ஒன்றை எழுதி வைத்துவிட்டு நிம்மதியாய் மறக்கலாம். எனக்கு எல்லாம் தலைக்குள்தான். எந்தக் காணியின் எல்லைக்கல் எங்கே, எந்தப் பிள்ளை எந்த நட்சத்திரம், யார் யாருக்கு என்ன சொன்னது, எல்லாம் நான் விட்டால் போனதுதான். அதனால் என் மனம் ஒன்றையும் விடாமல் எண்ணிக்கொண்டே இருந்து பழகிவிட்டது. கண்ணை மூடினால் அதற்கு ஓய்வு என்று தெரியவில்லை, வேலை தொடங்குகிற நேரம் என்று நினைக்கிறது. ஆகவே மூச்சு எனக்குச் சரிவராது என்று விட்டுவிட்டுச் சாப்பாட்டில் கையை வைத்தேன்.

ரீவியை நிற்பாட்டினோம். கொம்மா தன் நாடகம் போகிறதே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தா. அன்றைக்குப் புட்டும் முருங்கையிலை வறையும். ஒவ்வொரு வாயாய்ப் பார்த்துச் சாப்பிட்டேன். முதலில் கண்டுபிடித்தது, வறையில் உப்புக் காணாது. கேட்டால், பொங்கலோடு குறைச்சாச்சு, இப்பதான் தெரியுதோ என்கிறா. ஆறேழு மாதமாய் நான் எதைச் சாப்பிட்டேன் என்றே எனக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் என் சாப்பாட்டுக் கோப்பையை விட்டு அவவைக் கவனித்தேன். கண் மங்கல் என்றாலும் காதுக்கு ஒன்றும் இல்லை. அவ ஒரு பக்கத்தால் மட்டும் மெல்லுகிறா. கொஞ்சம் மெல்லுவா, நிற்பாட்டுவா, தண்ணீர் குடிப்பா. கிட்டப் போனால் கராம்பு மணம். நான் அதைப் பலகார மணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைவாய்ப் பல் ஓட்டை விழுந்து, சித்திரையிலிருந்து கராம்பை அடக்கிக்கொண்டே சமைத்து, இறைப்புக்கு வந்து, உன்னோடு போனில் சிரித்தும் கதைத்திருக்கிறா. பல்லுப் பிடுங்கப் பயம். என்னைப் பிறசருக்குப் பயந்தவர் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவ இவதான். இந்த இடத்தில், இதை எழுதமாட்டேன் என்கிறா. எழுது என்கிறேன். எழுதிவிட்டா.

மறுநாள் ஓட்டோ பிடித்துக் கொண்டுபோனேன். பல்லுப் பிடுங்க முதல் பிறசர் பார்க்க வேண்டுமாம். மிஸ்ஸி துணியை எடுத்ததும் கொம்மா கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "முதல் உவருக்குப் பாருங்கோ, பிறகு நான் கை தாறன்" என்றா. மிஸ்ஸிப் பிள்ளைக்குச் சிரிப்பு. சரி என்று என் கையில் சுற்றிவிட்டது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. மற்றக் கையைக் கொம்மா இறுக்கிப் பிடித்திருந்தா, அவவின் தோள் ஏறி ஏறி இறங்கியது, மூக்கில் சின்ன விசில் மாதிரி ஒரு சத்தம். உள்ளே இழுத்தது வெளியே வரக் கொஞ்சம் சுணங்கினால் எனக்கும் சுணங்கியது. வந்த பிறகுதான் எனக்கும் வந்தது. பாயசக்காரன் வரவில்லை, அருளம்பலம் வரவில்லை, ஒருவரும் வரவில்லை. மிஸ்ஸி துணியைக் கழற்றிவிட்டு, "ஐயாவுக்கு நல்லாய் இருக்கு. அம்மாவுக்குப் பாத்தால்தான் தெரியும்" என்றா. பார்த்தால் கொம்மாவுக்குத்தான் ஏறி நின்றது. அவவை வெளியே இருந்த வாங்குப் பலகையில் இருத்தி, கன்றுக்கு வெள்ளச்சி என்று பெயர் வைப்போமோ என்று கதை கொடுத்து ஆறவைத்து, பிறகுதான் பல்லு வெளியே வந்தது. உன் சொந்த மூச்சைப் பார் என்று நீ சொன்னாய். எனக்கு அடுத்தவர் மூச்சைத்தான் பார்க்க வரும் போல. அது பிழையில்லை என்று நினைக்கிறேன், பிழை என்றால் சொல்லு.

போன திங்கள் கண் கிளினிக். துணைக்கு வந்தவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்றார்கள். கொம்மா அசையவில்லை. "நான் வெளியிலை போனால் உவற்றை பிறசர் மேலை போகும், பிறகு உங்களுக்குத்தானே வேலை" என்று சொல்லி என் பக்கத்திலேயே இருந்துவிட்டா, பல்லுப் போன பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு. நான் அவவின் மூச்சோடு இருந்தேன். டொக்டர் பிறசர் எழுதின துண்டைப் பார்த்துவிட்டு, இது உங்கடை துண்டுதானோ என்று கேட்டார். நல்லூர்த் தேர் முடிந்து வருகிற வாரம், புதன் காலமை ஒப்பரேசன். எங்களுக்கு எவ்வளவு சந்தோசம் என்று சொல்லத் தேவையில்லை. வரும் வழியில் அருளம்பலம் வீட்டில் இறங்கித் தேத்தண்ணி குடித்துச் சொல்லிவிட்டுத்தான் வந்தோம். சாமியாருக்கு வரம் கிடைச்சிட்டுது என்றான்.

ஒன்றுதான் மிச்சம். ஒப்பரேசன் தியேட்டருக்குள் கொம்மாவை விடமாட்டார்களாம். முகத்தைத் துணியால் மூடிக் கண்ணை மட்டும் திறந்து வைத்துச் செய்வார்களாம். விறைப்பு மருந்து போடுவதால் நோகாது, ஆனால் ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும், பிறசர் ஏறினால் இடையில் விட வேண்டி வரும் என்று மிஸ்ஸி சொன்னா. அங்கே நான் யாருடைய மூச்சைப் பார்ப்பது என்று இந்த நாலைந்து நாளாய் யோசனை. நேற்றுக் கன்றுக்குட்டிக்குப் பக்கத்தில் இருக்கும்போதுதான் வந்தது. யுத்தத்துக்குள் ஊரே எழும்பிப்போன இடப்பெயர்வு நேரம் உனக்கு ஐந்து வயது, இழுப்பு. ஐப்பசி மழைக்குள் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டி நடந்தேன். என் காதடியில் உன் மூச்சு இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது. அடுத்தது வருகிறதா என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டு போனேன். பாயசம் ஊற்றினவனின் பொத்தானையே நினைவு வைத்திருக்கிற எனக்கு, அந்தப் பாதையில் பக்கத்தில் யார் வந்தார்கள், என்ன கதைத்தார்கள் என்று ஒன்றும் நினைவில்லை. மூச்சு ஒன்றுதான் இருக்கிறது, இப்போதும் கேட்கலாம் போல. இதைச் சொல்லும்போது கொம்மா பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தா. சீனி இரண்டு முறை போட்டிருக்கிறா, அப்படியே குடித்துவிட்டேன்.

குளிர் தொடங்கினால் காதை மூடிக்கொண்டு போ. மருமகனுக்கு நான் கேட்டதாகச் சொல்லு. பேரனை மூக்கோடு சேர்த்து முகத்தையும் காட்டச் சொல்லு, தேர் முடிந்த பிறகு எனக்கு நல்லாய்த் தெரியும். உங்கள் மூன்று பேருக்கும் நோய்நொடி இல்லாத வாழ்வைக் கந்தன் தர வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

புதன்கிழமையை மறந்துவிடாதே. லீவு போட வேண்டாம், போனைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்குள் நடக்கவும் வேண்டாம். வழக்கம்போல வேலைக்குப் போ. மூச்சை மட்டும் ஒழுங்காய் விட்டுக்கொண்டிரு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்ளுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கதிரவேலு
(எழுதியது பல்லுப் போன கொம்மா, மீனாம்பிகை)