நனைக்காமல் தைத்த முப்பத்தாறு கட்டங்கள்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்பு மகள் கீர்த்திக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் காமாட்சி அருளால் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதுவதுதான் முறை, எனக்குக் கை வரவில்லை. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறாள், அதனால்தான் கடிதம்.

அம்மா பட்டுத் துண்டுகளில் குழந்தைக்குத் தைத்தனுப்பிய ஒட்டுப்போர்வையை மெஷினில் போட்டதும் சாயம் இறங்கிவிட்டது என்று போட்டோ அனுப்பினாயே, அதை என் ஒருவனுக்கு அனுப்பியிருக்கலாம். குடும்ப குரூப்பில் போட்டாய். உன் சித்தப்பா உமாபதி அன்றைக்கே போன் செய்து, "எம்.ஏ. படிச்ச அண்ணனுக்கு ஒரு துணிய நனைச்சிப் பாக்கத் தெரியலையா" என்று சிரித்தான். உன் தாத்தா பட்டுக் கடையை அவனுக்கும் தறியை எனக்கும் பிரித்துக் கொடுத்த நாளிலிருந்து அவனுக்கு இந்தச் சிரிப்புதான். ஆனால் சொன்னது பொய்யில்லை. இருந்த அரைப் பார்வையில் உன் அம்மா முப்பத்தாறு கட்டம் வெட்டி, அரக்கையும் சந்தன நிறத்தையும் மாற்றி மாற்றி வைத்துத் தைத்தாள். தைக்கும் முன்பே, "ஒருவாட்டி நனைச்சிடலாங்க, அது மெஷின்ல துவைக்கிற ஊரு" என்றாள். புதுப் பட்டை வாளியில் முக்குகிற வீடா இது என்று கத்தியவன் நான். கட்டுவதற்கு முன் பட்டில் தண்ணீர் படக்கூடாது என்று வளர்ந்த புத்தி, போர்வைக்கும் அதையே சொன்னது.

இப்போது சர்க்கரை அவளுடைய இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. குழந்தை போர்வைமேல் படுத்திருக்கிற போட்டோ வந்ததா என்று தினமும் கேட்டாள். வந்தது, அரக்கு அரக்காகவும் சந்தனம் சந்தனமாகவும் பளிச்சென்று இருக்கிறது என்று மூன்று வாரம் சொன்னேன். அந்தச் சந்தோஷத்தில், குழந்தை நடக்கிற வயதில் போர்த்த இன்னொன்று தைக்கிறேன் என்று ரவிக்கைத் துண்டுகளை எடுக்கச் சொன்னாள். நான் நிறம் சொல்வேன், எதற்குப் பக்கத்தில் எது என்று அவள் அடுக்குவாள். நூல் கோத்துக் கொடுத்தால் விரலால் தடவியே நேராகத் தைத்தாள் உன் அம்மா.

போன வெள்ளிக்கிழமை அவளுக்குச் சொல்லாமல் அந்தத் துண்டுகளைப் பின்கட்டில் நனைத்தேன். குழாய்ச் சத்தம் கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "இன்னா முக்குறீங்க?" என்றாள். நான் குழாயை மூடினேன். வாளிக்குள் கை விட்டுத் துணியைத் தடவிப் பார்த்தாள். "அப்ப அது போச்சா?" என்றாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "மூணு வாரமா எந்தப் போர்வைக்குக் கலர் சொல்லிக்கினு இருந்தீங்க? இனிமே எனக்குக் கலர் சொல்லாதீங்க" என்றாள்.

அதற்குப் பிறகு ஊசியைத் தொடவில்லை. காய்ந்த துண்டுகள் கட்டிலில் அப்படியே கிடக்கின்றன. சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள், மாத்திரை போடுகிறாள், அவ்வளவுதான். முப்பது வருஷத்தில் நான் சொன்ன எதையும் அவள் இப்படித் தள்ளியதில்லை, இனி என்ன சொல்லி அவளை நம்பவைப்பேன்.

உனக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசீர்வாதம். குளிரில் குழந்தைக்குக் காதை மூடு. அந்தப் போர்வையைத் தூக்கிப் போட்டுவிடாதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் வீடியோவில் கூப்பிடு. போர்வை எப்படி ஆகியிருக்கிறதோ அப்படியே அம்மாவிடம் சொல். பிறகு இந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து நிறம் சொல், நீ சொன்னால் நம்புவாள். நான் போனைப் பிடித்துக்கொள்கிறேன், வாய் திறக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சிவபாலன்