மூன்று கண்ணன்களும் ஒரு ஹார்ட் டிஸ்கும்

ஷார்ஜா,
நவம்பர் 2010

அன்பு வேல்விழிக்கு,

இங்கு நான் சுகம். நீயும் நம் சின்னக் கண்ணனும் நலமா? அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று நம் கம்பத்துக்காரர் ஒருவர், எங்கள் கம்ப்யூட்டர் கடையில் வாங்கிய ஹார்ட் டிஸ்கோடு சண்டைக்கு வந்துவிட்டார். டிஸ்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் முறைக்கு சாட்டா என்று பேர்; அதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வகை உண்டு.

"சாட்டா மூணு கேட்டா, ஆறுன்னு போட்டதக் குடுத்திருக்கீக?"

"அண்ணே, சாட்டா மூணோட வேகந்தான் செகண்டுக்கு ஆறு ஜிகாபிட். மூணு ஜிகாபிட்னு போட்டிருந்தா அது சாட்டா ரெண்டு."

அவர் நம்பவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளை வைத்துச் சொன்னேன்.

"எங்க வீட்ல மூணு பேரனுக்கும் தாத்தா கருத்தக்கண்ணன் பேருதாண்ணே. பெரிய கண்ணனவிட நடுக்கண்ணன் உசரம். பேர வச்சு உசரம் சொல்ல முடியுமா?"

"எங்க வீட்லயும் தாத்தா பேருல ரெண்டு மொக்கையன் இருக்காகப்பா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

கடை திறக்க நேரமாகிவிட்டது. சின்னவன் வளர்ந்துவிட்டான் என்று மட்டும் எழுதுகிறாய். அவன் உயரத்துக்கு ஒரு நூல் அளந்து கடிதத்தில் வைத்து அனுப்பு. எனக்கு இடுப்பு வரையா, நெஞ்சு வரையா என்று வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

உன்
பாண்டீஸ்வரன்