கடைசிக் காட்சியில் வசனம் இல்லை

3 மார்ச் 2025, திங்கள்

போலீஸ் படம். அரைமணி நேரம் அதிகம். கதாநாயகன் நடப்பதையே மெதுவாக, திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். வசனம் இல்லாத இடங்களை அக்காவின் காதுக்குள் சொல்வது என் வேலை. நடக்கிறான் என்றேன். சற்றுக் கழித்து மறுபடியும், நடக்கிறான்.

"இன்னுமா நடக்கிறான்? இந்நேரம் கிள்ளான் டவுனுக்கே போய்ச் சேந்திருப்பான்லா."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "பாஸ், கொஞ்சம் பேசாம பாக்கலாமா?" என்றார்.

அக்கா திரும்பினாள். "சாரி அண்ணே. எனக்குக் கண்ணு தெரியாது. இவன்தான் என் சப்டைட்டில்."

விளக்கு எரிந்ததும் அந்த மனிதர் என் தோளைத் தொட்டு, "ஃபைட்டெல்லாம் நல்லா சொன்னீங்க தம்பி" என்றார். இந்தப் படத்துக்கு இன்று கிடைத்த ஒரே பாராட்டு.

அமுதவள்ளி அக்காவுக்கு முப்பத்தொன்பது, எனக்கு இருபத்தெட்டு. பார்வை அவளுக்கு ஒரேயடியாகப் போகவில்லை. ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி, எட்டு வருடங்களுக்கு முன் மூடிக்கொண்டது. இந்த இடத்தில் அழகான உவமை ஒன்று வருகிறது. வேண்டாம்.

திங்கள் அவளுக்கு லீவு. மற்ற நாட்களில், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்குக் கீழே அதே வரிசையில் உள்ள உடம்புபிடி நிலையத்தில் வேலை. வாடிக்கையாளர்கள் குப்புறப் படுத்தபடி படங்களைப் பற்றிப் பேசுவார்கள். அவளும் பேசுவாள். நான் சொன்னதை வைத்துக்கொண்டு.

10 மார்ச்

கடல் தாண்டி, கூச்சிங் பல்கலைக்கழகத்திலிருந்து அழைத்தார்கள். வேலை எனக்குத்தான். திரைப்படத் துறையில் முழுநேர விரிவுரையாளர், மூன்று வருட ஒப்பந்தம், ஜூலையில் சேர வேண்டும். ஷா ஆலமில் பகுதிநேரமாக ஓடிக்கொண்டிருப்பது முடியும்.

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வருகிறேன் என்று வந்தது.

மாலையில் படம் பார்த்தோம். அக்காவிடம் சொல்லவில்லை. படம் பரவாயில்லை.

17 மார்ச்

வீட்டில், மடிக்கணினியில், சின்னப் படம் ஒன்று. மலையூர். அண்ணன் இல்லாத, அப்பா இல்லாத வீடு. ஓர் அக்கா, ஒரு தம்பி, ஒரு மளிகைக்கடை. தம்பிக்குக் கப்பலில் வேலை கிடைக்கிறது. இதை நான் தேர்ந்தெடுக்கவில்லை. அக்காதான் யாரோ சொல்லிக் கேட்டு வந்து, போடச் சொன்னாள்.

நல்ல படம். நிஜமாகவே நல்ல படம். யாரும் அழுதுகாட்டவில்லை. கடையில் வெங்காய மூட்டை எப்போதும் அதே மூலையில் இருக்கிறது. அந்த மூட்டையை நம்பலாம்.

கடைசிக் காட்சியில் வசனம் இல்லை. இசையும் இல்லை. தம்பி பஸ்ஸில் ஏறுகிறான். பஸ் நகர்கிறது. கொஞ்ச தூரத்தில் நிற்கிறது. கதவு திறக்கிறது. ஒரு கிழவர் ஏறுகிறார், கையில் கோழி. கதவு மூடுகிறது. பஸ் வளைவில் மறைகிறது. அக்கா கொஞ்ச நேரம் நிற்கிறாள், பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறாள்.

இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

என் அக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பஸ் நின்னுடுச்சு. என்னடா ஆச்சு? சொல்லு."

"கதவு திறக்குது. அவன் இறங்கிட்டான். திரும்பி நடந்து வர்றான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா முடிச்சான்லா. இப்படி முடிக்கத் தைரியம் வேணும்."

எவனுக்கு?

18 மார்ச்

ஏன் அப்படிச் சொன்னேன்? அவளுக்காகவா? இல்லை. அவன் இறங்கினால் நான் கொஞ்ச நேரம் நல்லவனாக இருக்கலாம். அவ்வளவுதான்.

கெட்டிக்காரப் பொய். கதவுச் சத்தம்கூட எனக்குச் சாட்சி சொன்னது.

24 மார்ச்

குடும்பப் படம், கூட்டம் கூட்டமாக. எதையும் விடாமல் சொன்னேன். சுவரின் நிறம், மேகம், மாமனார் சட்டையில் எத்தனை பொத்தான் போடவில்லை.

"என்னடா ஆச்சு உனக்கு? பெயிண்ட் கடைக்காரன் மாதிரி பேசற. கதைக்கு வா."

அபராதம் கட்டுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

31 மார்ச்

நோன்புப் பெருநாள். அக்காவின் கடையில் முன்மேசையில் இருக்கும் அஃப்ரின், சுங்கை பூலோவில் தன் வீட்டுக்கு அழைத்திருந்தாள். சோறு பிரமாதம். சோற்றுக்கு நடுவில் அக்கா பஸ் படத்தை ஆரம்பித்தாள். நான் சொன்னதைவிட நன்றாகச் சொன்னாள். அவளுடைய பஸ்ஸில் தம்பி முதலில் படியில் நின்று யோசிக்கிறான். பிறகு பையை எறிகிறான். பிறகுதான் இறங்குகிறான். நான் பை பற்றி எதுவுமே சொல்லவில்லை.

அஃப்ரினின் அம்மா, "அல்லா, அப்படிப்பட்ட தம்பி கிடைக்கணுமே" என்று என் தட்டில் இன்னொரு கோழித்துண்டு வைத்தார்.

தின்றேன்.

7 ஏப்ரல்

பேய்ப் படம். பேய்க்கும் ஃபிளாஷ்பேக். இன்றும் சொல்லவில்லை.

14 ஏப்ரல், புத்தாண்டு

இதை எழுதிவிட வேண்டும், நடந்த வரிசையில்.

காலையில் கிள்ளானுக்குப் போய் கோயிலில் கும்பிட்டு, தோசை சாப்பிட்டுத் திரும்பினோம். வழியில், சின்ன வயதில் அவள் என்னைக் கூட்டிப்போகும் தியேட்டர் இருந்த இடம். இப்போது சோபா விற்கிறார்கள். "இன்னிக்கு நாய்ப் படம் போடுடா" என்றாள் அக்கா. அங்கேதான் பார்த்தோம். எனக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினெட்டு.

அந்தப் படத்தின் முடிவில் நாய் லோரியில் அடிபடும். அடிபடும்போது அக்கா என் கண்ணைப் பொத்தினாள். உள்ளங்கையில் வறுத்த கச்சான்கடலை வாசம். "ஒண்ணுமில்லடா, எழுந்திடுச்சு. ஓடுது பாரு." கையை எடுத்தபோது எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. நாய் பிழைத்த படம் என்றே இத்தனை வருடமும் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அதன்பின் அதைப் பார்க்கவே இல்லை.

இன்று பார்த்தேன். படம் பழையதாகிவிட்டது. நகைச்சுவைப் பகுதி தாங்கவில்லை. பையனாக நடித்தவன் மட்டும் இன்னும் நன்றாக இருக்கிறான். லோரி வந்தது. வயலின் ஆரம்பித்தது.

நாய் எழவில்லை. பையன் அதைத் தூக்கிக்கொண்டு போய், மரத்தடியில் கையால் மண்ணைத் தோண்டுகிறான். ரொம்ப நேரம் தோண்டுகிறான்.

"சொல்லு" என்றாள் அக்கா.

அவளுக்கே தெரியும், அவள் கண்ணால் பார்த்த படம். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எப்படி உறைக்காமல் போகும்? வாய் தானாகச் சொன்னது.

"எழுந்திடுச்சுக்கா. ஓடுது."

வயலின் முடிந்தது.

"பஸ்லேர்ந்தும் அவன் இறங்கலதானே?"

நான் படத்தை நிறுத்தினேன்.

"சந்திரகலா ஆன்டிக்கு இடுப்பு பிடிச்சுவிட்டுக்கிட்டே அந்தப் படத்தச் சொல்றேன். குப்புறப் படுத்த மனுஷி தலையத் தூக்கிட்டாங்க. 'அமுதா, எந்தப் படத்தச் சொல்ற? அவன்தான் போயிட்டானே'ன்னாங்க. நான் சண்ட போட்டேன்டா. என் தம்பி பாத்துச் சொன்னான், அவன் லெக்சரர்னு சண்ட போட்டேன். அப்புறம் அந்தக் கட்டில்ல படுத்தவ, இந்தக் கட்டில்ல படுத்தவன், கடையே சிரிச்சுச்சு."

"அக்கா, நீயும்தான் அன்னைக்கு நாய்..."

"உனக்கு அப்ப ஏழு வயசு." குரலை உயர்த்தவில்லை. "எனக்கு முப்பத்தொம்பது."

15 ஏப்ரல்

என்னை எழுப்பாமலே வேலைக்குப் போய்விட்டாள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். நடைபாதையில் பார்வையற்றவர்களுக்காகப் பதித்த மஞ்சள் புடைப்புக் கற்கள் மேல் யாரோ மோட்டார்சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள். கோலால் தொட்டு, சுற்றிக்கொண்டு, மறுபடி கல்லைப் பிடித்துப் போனாள். ஒரு பொய் அவளுக்கு அப்படித்தான் இருந்திருக்கும். பாதை மேல், பாதை மாதிரியே.

கூச்சிங்கைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. இப்போது சொன்னால் பொய்க்குக் காரணம் சொல்கிற மாதிரி. சொல்லாவிட்டால் இன்னொரு பொய். நல்லா மாட்டுனடா குகா.

21 ஏப்ரல்

திங்கள். அக்கா அஃப்ரினோடு படத்துக்குப் போனாள். நான் வீட்டில் தனியாக ஒரு பிரெஞ்சுப் படத்தைப் போட்டேன். விமர்சகர்கள் கொண்டாடும் படம். பத்து நிமிடம் ஒருத்தி கோப்பை கழுவுகிறாள். கழுவறா, என்று வாய்விட்டுச் சொன்னேன். வெற்று அறையில் என் குரல் அசிங்கமாக இருந்தது. அணைத்துவிட்டேன்.

22 ஏப்ரல்

"படம் எப்படி?"

"நல்லாருந்துச்சு."

அவ்வளவுதான். ஒரு படத்தைப் பற்றி அக்கா இரண்டு வார்த்தையில் முடித்து நான் கேட்டதில்லை.

28 ஏப்ரல்

சொல்லிவிட்டேன்.

அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூச்சிங், மூன்று வருடம், ஜூலை, மார்ச்சிலேயே சரி என்று சொல்லிவிட்டது, எல்லாம். மன்னித்துவிடு என்பதையும் சொன்னேன், ஆங்கிலத்தில். கோழை.

கத்தி நிற்கவில்லை. "கதவு திறந்துச்சே. அப்ப ஏறுனது யாரு?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "ஒரு கிழவர். கையில கோழி."

"கோழியா?" புத்தாண்டுக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தாள். "அதச் சொல்லியிருக்கலாம்லடா. எவ்வளவு நல்லாருக்கு. அப்புறம்? பஸ் போனதும் அந்தப் பொண்ணு என்ன பண்ணா?"

"கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம் கூடையத் தூக்கிக்கிட்டு உள்ள போனா."

"அதானே. கடை தொறக்கணும்ல." பீன்ஸைச் சட்டியில் தள்ளினாள். "ரோட்டப் பாத்துக்கிட்டே நிக்க அவளுக்கென்ன வேல வெட்டி இல்லயா? நீ போ. ஆனா எங்க அக்கா அங்கயே நின்னுக்கிட்டிருக்கான்னு அங்க போய் எவன்கிட்டயும் சொல்லாத. கேக்குறவன் அழுவான். எனக்கு அசிங்கம்."

"சரிக்கா."

"நான் அழுதது எதுக்குன்னு தெரியுமா? அவன் இறங்குனதுக்கு இல்ல. பாவம், அவன் அந்தக் கடையிலயே கிடந்து சாவப்போறானேன்னு."

பிறகு சாப்பிட்டோம். பீன்ஸில் உப்பு இல்லை. இருவரும் சொல்லவில்லை.

16 ஜூன்

கடைசித் திங்கள் படம். காதல் படம், சுமார். பாட்டுகள் மட்டும் தேறும். கதாநாயகி இறந்தாள். இறந்துட்டா என்று சொன்னேன்.

"நெசமா?"

"நெசமா."

என் பக்கம் திரும்பாமல், மறுபக்கம் உட்கார்ந்திருந்த அஃப்ரினிடம் கேட்டாள். "இறந்துட்டாளா?"

"ஆமாக்கா."

இதற்குமுன் அவள் யாரிடமும் சரிபார்த்ததில்லை. நான் திரையையே பார்த்தேன். பெயர்கள் ஓடின.

29 ஜூன்

விமான நிலையத்துக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம். வாசலில் என் சட்டைக் காலரைத் தடவி ஒருமுறை சரிசெய்தாள். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

11 ஆகஸ்ட், கூச்சிங்

இங்கே தமிழ்ப் படம் அநேகமாக வருவதில்லை. மாணவர்களுக்கு மௌனத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன், திரையில் யாரும் பேசாதபோது பார்ப்பவன் என்ன செய்கிறான் என்று. குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள்.

மாலையில் அக்கா அழைத்தாள். அவளும் அஃப்ரினும் புதுப்படம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். "அஃப்ரின் செருப்புக் கலர் வரைக்கும் சொல்றாடா. ஆனா பாட்டு வந்தா தூங்கிடுறா." அரைமணி நேரம் கதையைச் சொன்னாள். அப்பா ஒருவர் வீட்டைவிட்டுக் கோபித்துக்கொண்டு போகிறார். மூன்று பிள்ளைகள் தேடுகிறார்கள். முதல் பாதி அலுப்பு, இரண்டாம் பாதி பரவாயில்லை, வில்லனுக்குக் குரல் சரியில்லை. பழைய அமுதவள்ளி. அவள் சொல்லச் சொல்ல எனக்குப் படம் தெரிந்தது.

"கடைசியில?"

"கடைசியில வசனமே இல்லடா. மழைச் சத்தம் மட்டும்தான்."

"சரி, என்ன ஆச்சு?"

ஒரு கணம் பதில் வரவில்லை. தொலைபேசி இணைப்பாகவும் இருக்கலாம்.

"எல்லாரும் வீட்டுக்கு வந்துட்டாங்க" என்றாள்.

நெசமா என்று கேட்கவில்லை. அஃப்ரினின் எண் என்னிடம் இருக்கிறது. அவளிடமும் கேட்கவில்லை.