ஓனர் அம்மா வெளியூர்

ஜன. 20, செவ்வாய்

பனி. மேற்கே மலையே தெரியவில்லை. எட்டு மணிக்கு மேல்தான் வெயில். மார்கழி முழுக்க வீடு வாங்க ஒரு பார்ட்டி எட்டிப் பார்க்கவில்லை. தை பிறக்கட்டும், பிறக்கட்டும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தேன். பிறந்துவிட்டது. போன்தான் அடிக்கவில்லை.

கையில் இருப்பது: தென்காசி ரோட்டில் இரண்டு பிளாட் (வாங்கியவன் எவனும் வீடு கட்டவில்லை, எல்லாம் சீமைக் கருவேலம்). பழைய பஸ் ஸ்டாண்டு பின்னால் ஒரு மாடி வீடு, அண்ணன் தம்பி கேஸ், தொடக்கூடாது. அப்புறம் என் வீடு.

டீக்கடையில் பாண்டி. அவனும் புரோக்கர்தான், என்னிடம் தொழில் படித்தவன், இப்போது எனக்குச் சொல்லித் தருகிறான். "அண்ணாச்சி, உங்க வீடுன்னு மட்டும் வாயத் தொறந்துராதீக. புரோக்கரே தன் வீட்ட விக்கான்னா அதுல என்னமோ இருக்குன்னு ஓடிருவானுவ." சரிதான். வேறொருத்தன் வீடாக இருந்தால் நானே அப்படித்தான் நினைப்பேன்.

ஆகவே பார்ட்டிகளிடம் சொல்வது: ஓனர் ஒரு அம்மா, வெளியூர். உள்ளே வாடகைக்கு ஒரு ஆள், ஒண்டிக்கட்டை. சொன்னால் காலி பண்ணிவிடுவார். பத்திரம் என் சம்சாரம் தனம் பேரில் இருப்பதால் பொய்யும் பாதிதான். தனம் தவறிப்போய், வருகிற மாசியோடு இரண்டு வருஷம்.

விலைக்காக விற்கவில்லை. இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும். தனத்துக்கு வாரிசு நானும் மகள் மீனாவும்தான். வீடு விற்றால் கையெழுத்துக்கு அவள் திருப்பூரிலிருந்து வந்தே ஆக வேண்டும். தீபாவளிக்கு லீவு இல்லை. பொங்கலுக்கு லீவு இல்லை. பத்திர ஆபீசுக்கு லீவு இல்லை என்று சொல்ல முடியாது. வந்தால், "அப்பா, நீங்க இனி எங்க இருப்பீங்க" என்று கேட்பாள். கேட்கட்டும் என்றுதான்.

ஜன. 22, வியாழன்

பேண்டேஜ் கம்பெனி மேனேஜரும் சம்சாரமும் பதினொரு மணிக்கு. அதற்கு முன்னால் நான் ஒளித்தவை: பி.பி. மாத்திரை, மூக்குக் கண்ணாடிக் கூடு, காய்ந்துகொண்டிருந்த என் வேட்டி, தனம் போட்டோ. போட்டோவை மாலையோடு கட்டிலுக்கு அடியில். மன்னிச்சுக்கோம்மா.

மேனேஜர் முதல் கேள்வி: "கார் நுழையுமா?"

"கார் வச்சிருக்கீங்களா சார்?"

"வாங்கலாம்னு இருக்கோம்."

இந்தச் சந்துக்குள் கார் நுழையாது. இருபத்தைந்து வருஷமாக நுழையவில்லை. இந்த ஊரில் கார் இல்லாதவன்தான் முதலில் அதைக் கேட்கிறான். முன்னெல்லாம் கிணறு உண்டா என்பார்கள், வடக்குப் பார்த்த வாசலா என்பார்கள். பாதிப் பேருக்கு மில்லில் வேலை வாரம் நாலு நாள், கேட்பது கார் ஷெட்.

அந்த அம்மா அடுப்படியைப் பார்த்துவிட்டு, "லாட்ஜ் ரூம் மாதிரில்ல வச்சிருக்கான்" என்றார். "ஒண்டி ஆம்பள மேடம், அப்படித்தான்" என்று நானும் கூடச் சிரித்தேன்.

அவர்கள் போன பிறகு வீட்டைப் பெருக்கித் துடைத்தேன். ஒரு டம்ளர், ஒரு தட்டு. கழுவ என்ன இருக்கிறது.

ஜன. 25, ஞாயிறு

பால் பாக்கெட் இல்லை, லேட். கடுங்காப்பி.

மகாராஜபுரம் பார்ட்டி. ராணுவத்தில் சுபேதாராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஊரிலும் அவருக்கு அதுதான் பேர், நானும் சுபேதார் என்றே எழுதிக்கொள்கிறேன். மனைவி முத்துலட்சுமி. மகள் இங்கே காலேஜில் சேரப் போகிறாள், தினமும் பஸ்ஸில் அலைய வேண்டாம் என்று வீடு பார்க்கிறார்கள். டூவீலரில் வந்தார்கள். காரைப் பற்றிக் கேட்கவில்லை. அதிலேயே எனக்குப் பாதி பிடித்துவிட்டது.

சுபேதார் சுவரை எல்லாம் தட்டித் தட்டிப் பார்த்தார். அந்த அம்மா நேரே அடுப்படிக்குப் போய், கேட்காமலே பருப்பு டப்பாவைத் திறந்தார்.

"அண்ணாச்சி, பருப்புல பூச்சி வச்சிருக்கு. இந்த ஆளு எம்புட்டு நாளா ஒல வைக்கல?"

"கடையில சாப்பிடுவாரு."

"பொண்டாட்டி?"

"இல்ல."

"பிள்ளைக?"

"ஒரு மக. திருப்பூர்ல."

"வந்து பாக்க மாட்டாளா?"

வருவாள் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்க வேண்டும். "வேலைக்குப் போற பிள்ளம்மா. கைப்பிள்ளை வேற. அவளக் குத்தம் சொல்லக் கூடாது" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"நான் கேட்டேன், நீங்க ஏன் சடைக்கீக?" என்று என்னை ஒரு பார்வை.

ஓனரைப் பற்றிக் கேட்டார்கள். வெளியூர் என்றேன். எந்த ஊர் என்று சுபேதார் கேட்டார். கொஞ்சம் தூரம் என்றேன்.

விலை ஏறக்குறைய ஒத்து வருகிறது. படியிறங்கும்போது அந்த அம்மா: "காலேஜ் தொறக்க ஆனி ஆயிரும். அது வரைக்கும் அந்த ஆளு இருந்துட்டுப் போகட்டும். எங்களால ஒருத்தரு தெருவுல நிக்கக் கூடாது."

முன்பின் தெரியாத ஆளுக்கு இரக்கப்படுகிறார்கள். அந்த ஆள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஜன. 28, புதன்

வாங்க: பல்பு, பாச்சை உருண்டை, பி.பி. மாத்திரை.

மீனா போன், ராத்திரி எட்டு மணி. குழந்தைக்குச் சளி. "சாப்டீங்களாப்பா?" சாப்பிட்டேன். "மாத்திர போட்டீங்களா?" போட்டேன். குக்கர் விசில். "இருங்கப்பா, செத்த நேரத்துல கூப்புடுறேன்." போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்தி பார்த்தேன். செங்கோட்டை ரயில் சத்தமும் கேட்டது. கூப்பிடவில்லை. மறந்திருப்பாள். குழந்தைக்குச் சளி என்றாளே.

வீடு விற்பதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. முடிந்த பிறகு சொன்னால்தான் மறுக்க முடியாது.

பிப். 1, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

சாயங்காலம் நாலு மணிக்குச் சுபேதாரும் அந்த அம்மாவும் வந்தார்கள். இரண்டாவது தடவை. கையில் தூக்குவாளி. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், வாடகைக்காரருக்காம்!

"நான் குடுத்துருதேம்மா."

"வேண்டாம். அவரு வரட்டும். கையில குடுத்துட்டு, ஆனி வரைக்கும் இருங்கன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறோம்."

உட்கார்ந்துவிட்டார்கள். நானும் உட்கார்ந்தேன். என் வீட்டில், என் நாற்காலியில், நான் வருவதற்காக நானே காத்திருந்தேன். தொழிலில் எத்தனையோ புளுகியிருக்கிறேன். இந்த மாதிரி மாட்டியதில்லை. சுபேதார் காஷ்மீர்க் குளிரைப் பற்றிப் பேசினார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். யாருக்காகவாவது இந்த வீட்டு வாசலை ஒருவர் பார்த்து இரண்டு வருஷம் இருக்கும்.

ஐந்தரை இருக்கும், பின்னால் குழாய் உறுமியது. நாலு நாளாக வராத நல்லதண்ணி. இந்த ஊரில் பிறந்தவன் அந்தச் சத்தத்துக்கு உட்கார்ந்திருக்க முடியாது. கால் தானாக எழுந்துவிட்டது. கதவுக்குப் பின்னாலிருந்து குடத்தை எடுத்து, கொடியில் கிடந்த வெள்ளைத் துணியை அதன் வாயில் கட்டி, குழாயை அரைத் திருகு திருகி (முழுக்கத் திருகினால் நீர் பீய்ச்சும்) வைத்த பிறகுதான், நான் இங்கே வெறும் புரோக்கர் என்பது நினைவு வந்தது. திரும்பினால் அந்த அம்மா அடுப்படி வாசலில் நிற்கிறார்.

 நிறைந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்து, "எங்க வைக்கணும்?" என்றார். காட்டினேன். நாலு குடமும் பிடித்தோம். 

பிறகு தூக்குவாளியை மேடையில் வைத்துவிட்டு, புருஷனிடம்: "வாங்க, போவோம். அந்த ஆளு இனி வரமாட்டாரு."

"ஏட்டி, இம்புட்டு நேரம் இருந்துட்டு..."

"வரமாட்டாருன்னா வரமாட்டாரு."

என்னிடம், போகும்போது: "ஆறதுக்குள்ள சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். உளுந்தஞ்சோறு தனம் வைப்பதைவிடக் கொஞ்சம் குழைவு. முழுக்கச் சாப்பிட்டேன். அழுதேன் என்றும் எழுதிவிடலாம், யார் படிக்கப் போகிறார்கள். போட்டோவைக் கட்டிலடியிலிருந்து எடுத்துத் துடைத்து, பழைய ஆணியில் மாட்டினேன்.

பிப். 2, திங்கள்

காலையில் சுபேதார் போன். வீட்டம்மா எல்லாம் சொல்லிவிட்டாராம். எரிந்து விழுவார் என்று பார்த்தேன். "மொதல்லயே சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி, எங்களுக்கு வீடுதான வேணும்." அவ்வளவுதான். வியாழன் அக்ரிமெண்ட். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்களுக்குத் தெரிந்த பத்திர எழுத்தர்.

ராத்திரி மீனாவிடம் சொன்னேன். டி.வி. சத்தத்தைக் குறைத்தாள். அப்புறம், "நல்லதுதாம்ப்பா. அந்த வீட்டுல ஒத்தையில எதுக்குக் கெடக்கணும்."

 இனி எங்க இருப்பீங்கன்னு கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"கையெழுத்துக்கு நீ வரணுமேம்மா."

"எதுக்குப்பா? நான் இங்கயே உங்க பேருக்குப் பவர் எழுதி ரிஜிஸ்டர் பண்ணி அனுப்பிருதேன், எனக்கும் சேத்து நீங்களே கையெழுத்துப் போட்டுரலாம். நீங்கதான சொல்லுவீங்க, வெளியூர்க்காரங்களுக்கு அலைச்சல் இல்லாம பவர்தான் லேசுன்னு."

சொல்லியிருக்கிறேன். துபாய்க்காரர்கள், சென்னைக்காரர்கள், எத்தனை பேருக்கு. அவள் சின்னப் பிள்ளையாக முன்னறையில் வீட்டுப்பாடம் எழுதும்போது நான் பார்ட்டிகளுக்குச் சொன்னது. எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"நீங்க வேற வீடு பாத்துட்டீங்களா? உங்களுக்கா வீடு கெடைக்காது!" என்று சிரித்தாள். மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அதுதான் வலிக்கிறது. நானும் சிரித்தேன்.

விளக்கை அணைத்தாயிற்று. தூக்கம் இல்லை. தனம் இருந்தால் போனைப் பிடுங்கி, "ஏட்டி, ஒழுங்கா வந்து சேரு" என்றிருப்பாள். எனக்கு அப்படிக் கூப்பிடத் தெரியவில்லை.

பிப். 5, வியாழன்

ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ்ஸில் இடம் கிடைத்தது. கோர்ட் பக்கம் எழுத்தர் கடை, மாடிப்படிக்கு அடியில். மின்விசிறி கிடுகிடு என்று ஆடுகிறது, விழாமல் இருந்தால் சரி.

எழுத்தர் கேட்டார்: "விக்கிறவங்க யாரு யாரு?" நான், என் மகள். "மக வருவாங்களா?" பவர் அனுப்புவதாகச் சொன்னேன். சாதாரணமாகத்தான் சொன்னேன்.

சுபேதார்: "பவர்னா சரிதான். செல்லும்லா?"

எழுத்தர்: "தாராளமா."

முத்துலட்சுமி அம்மா: "வேண்டாம்."

மூன்று பேரும் திரும்பினோம்.

"பவர் பத்திரத்துக்கெல்லாம் நாங்க வாங்க மாட்டோம். அந்தப் பிள்ள நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"ஏட்டி, அதான் சட்டப்படி செல்லும்னு சொல்லுதாருல்லா."

"சட்டத்துக்குச் செல்லும். எனக்குச் செல்லாது. அவ வந்து, வீட்டச் சுத்திப் பாத்து, அவ அம்மா பொழங்குன வீட்ட மனசார எழுதிக் குடுக்கணும். இல்லேன்னா எனக்கு இந்த வீடு வேண்டாம்."

என்னைப் பார்க்கவே இல்லை. ஆடுகிற மின்விசிறியைப் பார்த்தே சொன்னார். எழுத்தர் என்னிடம் சாடையாக, பொம்பளைங்க பிடிவாதம் என்பது போல முகத்தைச் சுளித்தார். புரோக்கராக நான் பேசிச் சரிக்கட்டியிருக்க வேண்டும். நூறு பார்ட்டியைச் சரிக்கட்டிய வாய். திறக்கவே இல்லை.

அந்த அம்மா வேண்டுமென்றுதான் செய்தார். கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும் அவருக்கு.

மீனா நேரில் வர வேண்டும் என்று எழுதித்தான் அக்ரிமெண்ட் போட்டது. பஸ் ஸ்டாண்டில் பிரிந்தோம். "அந்தப் பருப்ப வெயிலுல போடுங்க, தூரப் போட்டுராதீக" என்றார். பேத்திக்குப் பால்கோவா வாங்கலாம் என்று கடை வரை போனேன். வர இன்னும் நாள் இருக்கிறது, கெட்டுவிடும் என்று திரும்பிவிட்டேன்.

பிப். 6, வெள்ளி

மீனாவிடம் சொன்னேன். பார்ட்டி ஒரே பிடிவாதம்மா, நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

(ஒன்றும் சொல்லிப் பார்க்கவில்லை.)

பெருமூச்சு. "என்னப்பா இது. சரி, வாரேன். பாப்பாவையும் தூக்கிட்டுத்தான் வரணும், அவருக்கு லீவு இல்ல. காலைல வந்து கையெழுத்துப் போட்டுட்டு மத்தியானமே கெளம்பிருவேன். பத்திர ஆபீசுல எத்தன மணி டோக்கன்னு மட்டும் சொல்லுங்க."

வாரேன் என்று சொன்னாள். அதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பிப். 9, திங்கள்

நல்ல வெயில். மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்துப் பருப்பைப் போட்டேன். அடுத்த வீட்டு ராஜு சம்சாரம், அவர்கள் வீட்டில் தெலுங்கு, எனக்காகத் தமிழில்: "யாரு அண்ணா வராங்க?" மக வாரா என்றேன். கீழே இறங்கியதும் இன்னொரு தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வாங்க: இரண்டு தட்டு, பாப்பாவுக்கு ஒரு சின்ன டம்ளர், ரஸ்க், கொசுவலை.

சுபேதார் வீட்டில் நாள் பார்த்துவிட்டார்கள். இருபதாம் தேதி, வெள்ளி. டோக்கன் போட எழுத்தர் கூப்பிட்டார். "அன்னைக்குக் கூட்டமே இல்ல அண்ணாச்சி, இப்ப யாரு வீடு வாங்குதா. பத்தரைக்கே போட்டுரவா? மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்."

"வேண்டாம். கடைசி டோக்கன் போடுங்க."

அது முடிந்து வெளியே வரும்போது இருட்டத் தொடங்கிவிடும். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ராத்திரி பஸ் ஏற மாட்டாள். மறுநாள் சனி, அப்புறம் ஞாயிறு.

மீனாவுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன். காலை டோக்கன் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, ஒரே கூட்டம் என்று.